கீரனுக்கு ஏன் பசிப்பதில்லை

வெள்ளவத்தை
13.05.2025

அன்பு மகள் மயூரிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம். அவவுக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது, எனக்கு மானம் குறைந்திருக்கிறது. வேறு யாரும் உனக்குச் சொல்ல முந்தி அதை நானே சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை கடைக்கு ஒரு கலியாணப் பகுதி வந்தது. பொம்பிளை, தாய், சித்தி, பெரியம்மா என்று ஒரு பட்டாளம். ரோசாப்பூ நிறக் கூறைச் சேலை ஒன்றை வழக்கம் போல என் தோளில் போட்டு, முந்தானையை விரித்துக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர்கள் தங்களுக்குள் விலையைப் பற்றிக் குசுகுசுக்கத் தொடங்க, நான் போனை எடுத்து இணையச் சஞ்சிகையில் தொடராக வருகிற உன்னுடைய விண்கப்பல் கதையின் ஐந்தாம் பகுதியைத் திறந்தேன். வாசித்துக்கொண்டே வெளியே நடந்திருக்கிறேன். காலி வீதியைக் கடந்து தேத்தண்ணிக் கடைக்குள் போய் நின்ற பிறகுதான் அந்த முதலாளி சொன்னான், "மாத்தயா, சாரிய லஸ்ஸனய்." சேலை அழகாயிருக்காம். குனிந்து பார்த்தால் கூறை என் தோளில். முந்தானை எனக்குப் பின்னால் தெருவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

திரும்பிப் போனால் பட்டாளம் முழுக்க வாசலில் நிற்கிறது. சித்திக்காரி கேட்டா, "அண்ணை, மாப்பிள்ளை ஆர்?"

முப்பது வருசம் சேலைக் கடையில் நின்றவனுக்கு இது நடக்கலாமா? பிழை உன்னுடையது. அந்தக் கீரன், கப்பலில் எல்லாரும் நித்திரையாக இருக்கத் தான் மட்டும் விழித்திருந்து காவல் காக்கிற பெடியன், காற்றுத் தருகிற மெசின் நின்றுபோனதும் அதில் ஒரு தட்டுத் தட்டி, "ஐசே, குழப்படி பண்ணாம ஓடும்" என்றான் பார். அந்த இடத்தில்தான் என் கால் என்னைக் கேட்காமல் நடந்தது.

எங்கள் வீட்டில் பிரிட்ஜையும் மின்விசிறியையும் ஐசே என்று கூப்பிட்ட ஆள் ஒருவன்தான். உன் தம்பி தனஞ்சயன்.

அம்மாவின் கண் இப்போது எழுத்துக்கு ஒத்துவருவதில்லை. நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். அந்த இடம் வந்ததும், "திருப்பி வாசியுங்கோ" என்றா. வாசித்தேன். "ஓம்" என்றா. படுக்கப் போகும்போது, "அடுத்தது எப்ப வருமாம்?" என்று கேட்டா. தனஞ்சயன் போன பிறகு அவ அடுத்தது என்று ஒன்றைக் கேட்டது இதுதான் முதல் தரம்.

ஒரு குறை இருக்கிறது. விஞ்ஞானக் கதை எனக்கு விளங்காது. ஓ லெவல் சோதனையில் விஞ்ஞானம் மூன்று தரமும் என்னைக் கைவிட்டது. ஆனாலும் ஐந்து பகுதியாக அந்தப் பிள்ளைக்கு ஒருவேளைச் சாப்பாடு நீ எழுதவில்லை. கடைசியில் அவனே வாய்விட்டுக் கேட்டுவிட்டான், "எனக்கு ஏன் பசிப்பதில்லை?" என்று. எழுதுகிறவளுக்கு அது வெட்கமில்லையா? அடுத்த பகுதியில் ஏதாவது கொடு.

போனில் கதைக்கலாம்தான். அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருப்பா. ஆகவே கையால் எழுதி, எங்கள் கடைக்குப் பக்கத்தில் நிஸாமின் கொமினிகேசன் கடையில் ஸ்கேன் பண்ணி அனுப்புகிறேன். நீயும் நிஸாமின் மெயிலுக்குப் போடு, பிரிண்ட் எடுத்துத் தருவான். தான் ஒன்றும் வாசிப்பதில்லை என்று சத்தியம் பண்ணுகிறான். அதே மூச்சில், "அஞ்சாம் பகுதி சோக்கு அண்ணன்" என்றும் சொல்கிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே குளிர் தொடங்கியிருக்கும்.

அன்புடன்
அப்பா


மெல்பேர்ண்
18.05.2025

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை ரயிலில் வைத்து வாசித்தேன். "மாப்பிள்ளை ஆர்" என்ற இடத்தில் நான் சிரித்த சிரிப்பில், பக்கத்தில் இருந்த மனுசி எழும்பி வேறு இடத்தில் போய் இருந்துவிட்டா.

ஓம் அப்பா. அது தம்பிதான். பெயரை மாற்றி, உயரத்தைக் கூட்டி, தாடியெல்லாம் வைத்து ஒளித்திருந்தேன். ஒரு ஐசே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

இதை உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. டெங்கு என்றீர்கள், ஆஸ்பத்திரி என்றீர்கள், பிறகு மாமா போன் எடுத்து, முடிந்துவிட்டது என்று சொன்னார். கொரோனாவுக்கு அங்கேயும் பூட்டு, இங்கேயும் பூட்டு. வர வழி இருக்கவில்லை. கல்கிசை மயானத்தில் மாமா போனைத் தூக்கிப் பிடித்தார். தம்பியின் முகம் வந்த இடத்தில் படம் நின்றுவிட்டது. சிக்னல் இல்லை. திருப்பி வந்தபோது மதிலும் ஒரு காகமும் தெரிந்தன. எனக்கு அவன் செத்தது அவ்வளவுதான் அப்பா. நின்றுபோன ஒரு படம். நின்றுபோன ஆளை எங்கே கொண்டுபோய் வைப்பது? சிக்னல் கிடைக்காத தூரத்தில் ஒரு கப்பலைக் கட்டி அதில் வைத்தேன்.

ஆனால் நான் நினைக்காத ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. "எனக்கு ஏன் பசிப்பதில்லை" என்பது நான் திட்டம் போட்டு எழுதியதில்லை. சாப்பாடு எழுத நான் மறந்துவிட்டேன், அவன் அதைக் கவனித்துவிட்டான். இப்போது எல்லாவற்றையும் கவனிக்கிறான். தன் கோப்பையில் தேத்தண்ணி ஆறுவதே இல்லை. தான் போகாத அறைகளுக்குக் கதவே இல்லை. முதலாம் பகுதிக்கு முந்தி நடந்தது ஒன்றும் நினைவில் இல்லை. தான் ஒன்றை நினைக்க முந்தியே யாரோ அதை நினைத்து முடித்துவிடுகிறார்கள் என்று சந்தேகப்படுகிறான். தான் உண்மையான ஆள் இல்லை, ஒரு கதைக்குள் இருக்கிற ஆள் என்பதைக் கீரன் கண்டுபிடிக்கப் போகிறான் அப்பா. என்னால் அவனை நிறுத்த முடியுமோ தெரியவில்லை.

ஆறாம் பகுதியில் இடியப்பமும் சொதியும் வருகின்றன. அம்மாவிடம் சொல்லுங்கள்.

அன்பு மகள்
மயூரி


வெள்ளவத்தை
23.06.2025

அன்பு மகளுக்கு,

இடியப்பம் வந்து சேர்ந்தது. "சொதிக்குத் தேசிக்காய்ப் புளி விட மறந்துபோனாள்" என்று அம்மா குறை சொன்னா. அடுத்த நாள் காலமை குசினிக்குள் சத்தம் கேட்டு எழும்பிப் பார்த்தால், அவ இடியப்பம் பிழிந்துகொண்டு நிற்கிறா. இவ்வளவு காலமும் கடைச் சாப்பாடு தின்று என் நாக்கு அதை மறந்திருந்தது. நன்றி உனக்கும் கீரனுக்கும்.

இப்போது மேல்மாடி அருள்நாயகி ரீச்சரும் கதை கேட்க வருகிறா. பென்சன் எடுத்த பிறகு அவவுக்குத் திருத்துவதற்குக் கொப்பிகள் இல்லை, ஆகவே என்னுடைய உச்சரிப்பைத் திருத்துகிறா. நான் முன்வரிசையில் இருந்து அடி வாங்கிய பிள்ளை மாதிரி ழகரத்தைத் தேடித் தேடி வாசிக்கிறேன்.

இனி உண்மைக்கு வருகிறேன். ஏழாம் பகுதி.

வாய் ஒரு வரியை வாசிக்கும்போது என் கண் இரண்டு வரி முன்னால் ஓடும். வாடிக்கையாளர் வாய் திறக்க முந்தி அவர் பார்வை எந்த அடுக்கில் நிற்கிறது என்று பார்த்துப் பழகிய கண். கீரன் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறான். "நான் பிறந்தவனில்லை, எழுதப்பட்டவன்" என்று சொல்லப் போகிறான். கண் அதைக் கண்டுவிட்டது. வாய் நின்றுவிட்டது. நல்ல காலம், அந்த நேரம் பார்த்துக் கடற்கரைப் பக்கத்தால் ரெயில் போனது.

"ஏன் நிப்பாட்டினீங்கள்?" அம்மா.

"ரெயில்."

"ரெயில் போயிட்டுது."

அதற்குப் பிறகு நான் வாசித்தது ஒன்றும் உன்னுடையதில்லை. சேலையில் கறை இருந்தால் கறை உள்ளே போக மடித்துக் காட்டுகிற கை இது, வேறு என்ன தெரியும்? கீரன் கண்ணாடியை விட்டு யன்னலடிக்குப் போனான். தூரத்தில் நீல நிறத்தில் ஒரு உருண்டை. "அட, இது எங்கட பூமியெல்லோ" என்றான். கப்பலைத் திருப்பினான். கப்பலில் சக்கரம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. காலி வீதியில் ஓடுகிற 101 பஸ் மாதிரி வெட்டித் திருப்பிவிட்டேன். நித்திரையாக இருந்தவர்களில் இரண்டு பேர் கட்டிலால் விழுந்தும் போனார்கள்.

அம்மா சிரித்தா. சத்தம் போட்டு இல்லை. பல்லுத் தெரிந்தது.

மகள், உன்னை ஒன்று கேட்கிறேன். அவனுக்கு ஏன் அது தெரிய வேண்டும்? தான் கதை என்பதை மறந்துபோய், அவன் பாட்டுக்கு மெசினோடு கதைத்துக்கொண்டு இருக்கட்டுமே. எழுதுகிறவள் நீ, உன் கையில்தானே எல்லாம் இருக்கிறது. இனி வேறொன்றையும் கண்டுபிடிக்க விடாதே. வேறு ஏதாவது வேலை கொடு, குழாய் உடைந்ததாக எழுது. நூறு பகுதி போகட்டும். எங்கள் இரண்டு பேரின் காலம் முடியும் மட்டும் ஓடினால் போதும், அதற்குப் பிறகு நீ என்னவும் செய்.

அன்புடன்
அப்பா


மெல்பேர்ண்
29.06.2025

அப்பா,

கோபமாக எழுதத்தான் தொடங்கினேன். 101 பஸ் வந்து கெடுத்துவிட்டது.

ஆனால் நீங்கள் கேட்டதை என்னால் செய்ய முடியாது. குழாயை உடைத்தும் பார்த்துவிட்டேன். அவன் குழாயைத் திருத்திவிட்டு, "இது உண்மையா உடைஞ்சதா, இல்லாட்டி எனக்கு வேலை தர உடைச்சதா?" என்று கேட்கிறான். எழுத இருந்தால் ஒரே கேள்விதான் வருகிறது: "இந்த ஐசே எனக்கு எங்கயிருந்து வந்தது? எனக்கு முந்தி ஒருத்தன் இருந்தவனா?"

இல்லை என்று எழுதினால், தம்பி என்று ஒருவன் இருக்கவே இல்லை என்று நான் கையெழுத்துப் போட்ட மாதிரி. ஓம் என்று எழுதினால் அடுத்த கேள்வி என்ன என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தம்பிக்கு நான் அடித்திருக்கிறேன், அவனுடைய சொக்லேட்டைக் களவெடுத்துச் சாப்பிட்டிருக்கிறேன். பொய் மட்டும் சொன்னதில்லை.

நான் ஏன் கொழும்புக்கு வருவதில்லை என்று நீங்களும் அம்மாவும் ஒருநாளும் கேட்டதில்லை. லீவு இல்லை என்று நானே சொல்லிக்கொண்டு இருந்தேன். லீவு இருக்கிறது அப்பா. இரண்டு தரம் டிக்கெட் போட்டு இரண்டு தரமும் கான்சல் பண்ணினேன். அந்த வீட்டுக்குள் கால் வைத்தால் அவன் இல்லை என்பது உண்மையாகிவிடும். அவன் கப்பலில் இருக்கும் மட்டும் நான் வந்து இறங்க முடியாது. நான் முயற்சி செய்து பார்த்துவிட்டேன். கதையை முடித்தால்தான் எனக்கு வர வழி இருக்கிறது.

அம்மாவிடம் உள்ளதைச் சொல்லுங்கள். அவவுக்காக என்று நீங்கள் மடித்துக் காட்டுவது எவ்வளவு நாளைக்கு?

மயூரி


வெள்ளவத்தை
21.07.2025

அன்பு மகளுக்கு,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது. கை நோகிறது என்று சொல்லலாம், நிஸாம் நம்ப மாட்டான். ஒவ்வொரு நாளும் கடைக்கு முன்னால் நான் கூறையைக் கையில் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறான்.

உன்னுடைய கடிதத்துக்குப் பிறகும் நான் திருந்தவில்லை. எட்டாம் பகுதியையும் ஒன்பதாம் பகுதியையும் திறக்கவே இல்லை. வெறும் போனைப் பிடித்துக்கொண்டு வாயால் வந்ததை வாசித்தேன். கப்பல் சந்திரனைத் தாண்டிவிட்டது. கட்டுநாயக்கா எயார்போட்டில் இறக்குவதா, இரத்மலானையில் இறக்குவதா என்று நான் தடுமாறிக்கொண்டு நின்ற நேரம் அருள்நாயகி ரீச்சர் கையை உயர்த்தினா.

"அண்ணை, என்ர போனில இருக்கிற ஒன்பதாம் பகுதியில இப்பிடி இல்லையே. அதில அந்தப் பெடியன்..."

"அருள், பிஸ்கட்டை எடும்" என்றா அம்மா.

"இல்லை கனகேஸ், நான் என்ன சொல்ல வாறன் எண்டா..."

"பிஸ்கட்டை எடும் எண்டு சொன்னனான்."

ரீச்சர் பிஸ்கட்டை எடுத்தா. பாவம், வாழ்க்கையில் முதல் தரமாக ஒரு பிழையைத் திருத்தாமல் வீட்டுக்குப் போனா.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அம்மா என் பக்கம் திரும்பாமலே சொன்னா, "எனக்கு ஏழாம் பகுதியிலயே தெரியும்."

"எப்பிடி?"

"உங்கட கீரன் பூமியைப் பார்த்து, நல்ல எடுப்பான நீலம், தோய்ச்சாலும் சாயம் போகாது எண்டு சொன்னவன். என்ர பிள்ளை அப்பிடிக் கதைப்பானே?"

அப்படி நான் சொன்னது எனக்கே ஞாபகமில்லை. தொழில் வாயில் ஊறிப்போய்க் கிடக்கிறது.

"தெரிஞ்சுகொண்டு ஏன் பேசாம இருந்தனீர்?"

"உங்களுக்குத் தேவையாக் கிடந்தது."

மயூரி, நான் அவவுக்காக மடித்துக் காட்டுகிறேன் என்று நினைத்தேன். அவ வாடிக்கையாளர் மாதிரி முன்னால் இருந்து, எனக்காகத் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறா.

பிறகு உன்னுடைய கடிதத்தை எடுத்து வாசித்துக் காட்டினேன். உள்ளபடி. டிக்கெட் கான்சல் பண்ணின இடம் வரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. "அவளை முடிக்கச் சொல்லுங்கோ" என்றா. நான் ஏதோ சொல்ல வாய் எடுத்தேன். "எனக்கு இருக்கிற பிள்ளை வரட்டும்" என்றா. குசினிக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றா. கழுவ ஒரு கோப்பையும் இருக்கவில்லை.

எனக்கு இதில் விருப்பமில்லை என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். இவ்வளவு தூரம் எழுதிவிட்டு அதை எழுத முடியவில்லை. முடி பிள்ளை.

ஒன்று மட்டும். அவனுக்குக் காய்ச்சல் ஒன்றும் வரவேண்டாம்.

அப்பா


மெல்பேர்ண்
20.08.2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

முடித்துவிட்டேன். அடுத்த கிழமைதான் சஞ்சிகையில் வரும், உங்களுக்கு முதலே அனுப்புகிறேன்.

காய்ச்சல் இல்லை. நோவும் இல்லை. கேட்டதற்கு எல்லாம் உண்மையைச் சொன்னேன், அவன் என்னைக் கோபிக்கவில்லை. கடைசியில் என்னை அக்கா என்று கூப்பிட்டான். கீரனுக்கு அக்கா என்று ஒருவரை நான் எழுதியதே இல்லை. வந்த சொல்லை அழிக்கவும் இல்லை.

மார்கழிக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். இந்த முறை கான்சல் பண்ண விடாத டிக்கெட்டாகத் தேடி எடுத்தேன்.

அம்மாவுக்கு நீங்கள்தான் வாசிக்க வேண்டும் அப்பா. ரீச்சரிடம் கொடுக்க வேண்டாம்.

மயூரி


வெள்ளவத்தை
25.08.2025

அன்பு மகள் மயூரிக்கு,

நிஸாம் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து, கவருக்குள் போட்டு ஒட்டித் தந்தான். இந்த முறை வாசிக்கவில்லை என்று சத்தியம் பண்ணவில்லை. "அண்ணன், வீட்ட போய் வாசிங்க, கடையில வெச்சு வேணாம்" என்று மட்டும் சொன்னான்.

நேற்றுப் பின்னேரம் வாசித்தோம். ரீச்சரை வரவேண்டாம் என்று அம்மாவே சொல்லியிருந்தா. முழுகி, தலை ஈரத்தோடு வந்து கதிரையில் இருந்தா. "இண்டைக்கு உள்ளபடி" என்றா.

"உள்ளபடி" என்றேன்.

உள்ளபடிதான் வாசித்தேன். கீரன் கேட்கிறான், எனக்கு முந்தி இருந்தவன் இப்ப எங்கே என்று. நீ சொல்கிறாய். அவனுடைய அம்மா, அப்பா, என்று கேட்கிறான். இருக்கினம், உன்னை வாசிக்கினம் என்கிறாய். "இப்பவுமா?" "இப்பவும்." அப்போது அவன் நிமிர்ந்து மேலே பார்க்கிறான் என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் அம்மா கையை நீட்டினா. நான் தாளைக் கொடுத்தேன். எழுத்துக்குக் கண் ஒத்துவராதவ, உள்ளங்கையால் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தா. தொடர்ந்து வாசித்தேன். நித்திரையாக இருக்கிறவர்கள் தாங்களாக எழும்பும்படி ஒழுங்கு பண்ணிவிட்டு, அவன் ஒவ்வொரு மெசினிடமும் போய், "ஐசே, ஓடினது காணும், நீர் ஓய்வு எடும்" என்று சொல்லி நிறுத்துகிறான். வெறுங்கட்டில் ஒன்றில் ஏறிப் படுக்கிறான். "அக்கா, லைற்றை நூர்" என்கிறான், நீ நூர்க்கக் கப்பல் இருண்டுபோகிறது. என் குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. கடையில் நின்று பழகிய குரல், நீ பயப்படாதே.

நல்லாய் எழுதியிருக்கிறாய். எனக்கு எழுத்தைப் பற்றித் தெரியாது, அம்மாதான் சொன்னா.

மார்கழியில் வரும்போது குளிருக்குப் போடுகிற ஒன்றையும் கொண்டுவராதே, இங்கே மழைதான். உன்னுடைய அறையில் மெத்தையை மாற்றச் சொல்லியிருக்கிறேன். கொட்டாஞ்சேனை மாமாவும் எயார்போட்டுக்கு வருவார்.

இதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பகுதியிலும் அடியில் நீ போடுகிற "தொடரும்" என்பதையும் சேர்த்துத்தான் அம்மாவுக்கு வாசிப்பேன். அதைக் கேட்ட பிறகுதான் அவ கதிரையால் எழும்புவா. நேற்று லைற்றை நூர்த்ததோடு நான் நிறுத்திவிட்டேன். அவ எழும்பவில்லை. இவ்வளவுதானா என்று கேட்கவும் இல்லை. கதிரைக் கையில் கையை வைத்தபடி, என் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்துக்கொண்டு இருந்தா. உள்ளபடி வாசிப்பேன் என்று சொன்னவன் நான். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். அடியில் நீ போட்டிருந்த "முற்றும்" என்பதை மட்டும் வாசிக்கவில்லை.

அப்பா